சாவிக்கு விழுந்த அறுபத்து மூன்று

போன வாரம் அக்கா மகள் தன் கணினியைத் திறந்து எனக்கு ஒரு சண்டையைக் காட்டினாள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் எங்கோ ஒரு தேர்தலில் நின்று தோற்றுப்போன யாரோ ஒரு மனுஷனுக்கு ஒரு பக்கம் இருந்ததாம். அதை வைக்கலாமா, தூக்கலாமா என்று முகம் தெரியாத பத்துப் பேர் மாறி மாறி எழுதியிருந்தார்கள். ஜெயித்தவனுக்குத்தான் பக்கம் என்கிறான் ஒருவன். தோற்றவன் என்ன பாவம் பண்ணினான் என்கிறான் இன்னொருவன். “சித்தி, நீங்க என்னா சொல்றீங்க?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடிப் பாவி, இதே சண்டையை நாங்கள் எண்பதுகளிலேயே ஈப்போவில், நம்ம புந்தோங்கில் போட்டு முடித்தாயிற்று. அதுவும் உன் அப்பாவை வைத்துத்தான் போட்டோம் என்றேன்.

அவள் அப்பா, அதாவது என் அத்தான், மலேசியாவில் எங்கள் ஈப்போ டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். ஏறுகிற ஒவ்வொருத்தர் வீட்டுக் கதையும் அவர் நாக்கு நுனியில் இருக்கும். “அக்கா, மூட்டுவலி தேவலையா? உள்ள போங்க, பின்னால எடம் இருக்கு. அண்ணே, மகளுக்கு நர்ஸ் வேல கெடைச்சிருச்சாமே, ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா? உள்ள போங்க, பின்னால எடம் இருக்கு.” பின்னால் இடம் இருக்கவே இருக்காது. அங்கே ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டுதான் நிற்போம். ஆனாலும் அவர் சொல்லுகிற சொல்லுக்கு எல்லாரும் ஓர் அடி பின்னால் நகர்வோம். பஸ் நிற்கும் இடங்களுக்குத் தெருப் பெயரே சொல்ல மாட்டார். “மீன்காரம்மா வீடு! எறங்குறவங்க எறங்கு!” என்பார். கண்ணை மூடித் தூங்கிக்கொண்டு வந்தாலும் நம் வீட்டு வாசலில் தட்டி எழுப்பி இறக்கிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தேர்தலில் நிற்கிற கிறுக்கு எப்படி வந்தது என்றால், ஒரு பட்டுச்சேலையால் வந்தது. எங்கள் தெரு முனையில் இருந்த பஸ் ஸ்டாப்புக்குக் கூரை கிடையாது. ஒரு கம்பம், அதில் ஒரு தகரம், அவ்வளவுதான். ஈப்போ மழை உங்களுக்குத் தெரியும், மத்தியானம் தாண்டினால் சொல்லி வைத்த மாதிரி வந்துவிடும். ஒருநாள் கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒரு பெண்ணின் அம்மா அந்தக் கம்பத்தடியில் நின்று தொப்பலாக நனைந்து, பஸ்ஸில் ஏறி, ஆத்திரத்தில் அத்தானின் டிக்கெட் பெட்டி மேலேயே முந்தானையைப் பிழிந்துவிட்டார். டிக்கெட் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் களியாகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “எத்தன மனு எழுதியாச்சு! ஒருத்தனும் கூரை போடல. நானே நிக்கிறேன் லா,” என்றார். அக்கா, “மொதல்ல ஒக்காந்து பசியாறுங்க,” என்றாள். மறுநாள் காலையில் தெளிந்துவிடும் என்று நினைத்தோம். தெளியவில்லை.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. கட்சி கிடையாது, கொடி கிடையாது. சட்டமன்றத்துக்குச் சுயேச்சை. சின்னமாகச் சாவி கிடைத்தது. உடனே ஈப்போவில் சவப்பெட்டி செய்கிற ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், அவரிடம் போய் மரத்தில் ஒரு சாவி செய்யச் சொன்னார். அந்தத் தவுக்கேக்குக் கை பழகிய அளவு ஒன்றே ஒன்றுதான். ஆறடி நீளத்தில், பாலிஷ் போட்டு, தூக்குவதற்குப் பக்கத்துக்கு இரண்டு பித்தளைப் பிடி வைத்து ஒரு சாவி வந்து இறங்கியது. அதை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு பிரசாரத்துக்குப் போவார்கள். எதிரே வருகிற வயசானவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

வேட்பாளரை ஒருத்தர் முன்மொழிய வேண்டும், ஒருத்தர் வழிமொழிய வேண்டும். முன்மொழிந்தது எங்கள் தெருத் தையல்காரர், வழிமொழிந்தது நான். அத்தோடு, வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்ததால் பிரசாரக் காரியதரிசியும் நானே. அக்கா வீட்டு முன்வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தோம். மேசைக்கு ஒரு கால் குட்டை. வாக்காளர் பட்டியல் என்று ஒரு தடித்த கட்டு வாங்கி வைத்திருந்தோம், அது கச்சிதமாக அந்தக் காலுக்கடியில் பொருந்திவிட்டது. பிறகு அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் மேசை ஆடும்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம்! தினமும் சாயங்காலம் ஒரு வீட்டு வாசலில் செராமா, அதாவது பிரசாரப் பேச்சு. ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற பிறகு லயத்து வீடுகளை விட்டு வந்து புந்தோங்கில் குடியேறிய சனம் பூராவும் அங்கே வந்து நிற்கும். பால் வெட்டிய கை இப்போது கட்டட வேலை, துப்புரவு வேலை, மரக்கடை வேலை என்று போய்க்கொண்டிருந்தது. அத்தனை பேரும் அத்தான் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்கள். அத்தான் பேச எழுந்தால் முதல் வார்த்தையே, “உள்ள வாங்க, பின்னால எடம் இருக்கு,” என்பதுதான். வாக்குறுதி ஒன்றே ஒன்று, கூரை. ஒருத்தர் எழுந்து, “அண்ணே, வெலவாசி ஏறிப்போச்சே?” என்று கேட்டார். “மொதல்ல கூரை. நனையாம நின்னு பேசுவோம்,” என்றார் அத்தான். கைதட்டல் ஓயவே இல்லை. சட்டையில் அட்டைச் சாவி குத்தாத ஆளே எங்கள் தெருவில் கிடையாது.

எதிர்த்து நின்றவர் பெரிய கட்சிக்காரர். ஆனால் எங்கள் தெருவுக்கு வந்த அன்று அவரோடு இரண்டே பேர்தான். நல்ல மழை வேறு. எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சுவரில் தொங்கிய சாவிகளை எல்லாம் பார்த்துவிட்டு, “நல்ல மனுஷர்மா உங்க அத்தான்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓட்டுப் போடுகிற நாள் காலையில் அத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்குக் கிளம்பினார். தெருவே அவரைக் கடந்து போயிற்று. குடும்பம் குடும்பமாக, நெஞ்சில் சாவியோடு. “அண்ணே, ஓட்டுப் போட்டுட்டு வாரோம்ணே!” என்று கத்திக்கொண்டே போனார்கள். அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். நானும் வரிசையில் நின்று என் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தேன்.

எண்ணி முடித்தபோது சாவிக்கு விழுந்தது அறுபத்து மூன்று.

டெபாசிட் போனதெல்லாம் பெரிய விஷயமில்லை. அந்த எண்ணிக்கை இருக்கிறதே, அதுதான் மனுஷனைப் படுத்தியது. புந்தோங்கில் கோயிலுக்குப் போகாத ஆள் கிடையாது. அறுபத்து மூன்று என்றதும் யார் வாயிலிருந்தோ “நாயன்மார்” என்று விழுந்தது. அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. பஸ் திரும்பும்போதே, “நாயன்மார் வண்டி வருது,” என்பார்கள். கேலி செய்தது தெருவுக்கு வெளியே இருந்தவர்கள்தான், ஆனால் கேட்கிற காதுக்கு அதெல்லாம் தெரியுமா?

அத்தான் பேச்சை நிறுத்திவிட்டார். முந்நூறு பேர் நெஞ்சில் சாவி குத்திக்கொண்டு முகத்துக்கு நேரே சிரித்தார்கள், பெட்டியில் அறுபத்து மூன்று. அப்படியென்றால் மிச்சப் பேர் கழுத்தறுத்துவிட்டார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். “டிக்கெட்.” அது ஒன்றுதான் அதற்குப் பிறகு பஸ்ஸில் அவர் சொன்ன வார்த்தை. மூட்டுவலி விசாரிப்பு இல்லை, மீன்காரம்மா வீடு இல்லை. சனத்துக்கு இறங்கும் இடம் தெரியாமல் போயிற்று. மீன்காரம்மாவே இரண்டு தடவை தன் வீட்டைத் தாண்டிப் போய் இறங்கி, கூடையோடு நடந்து வந்தார். தெருக்கோடி ஒட்டுக்கடையில் கோப்பி குடிப்பதையும் விட்டார். சாவி அக்கா வீட்டுப் பின்கட்டுக்குப் போனது. அக்கா அதை இரண்டு கல் மேல் படுக்க வைத்து அதில் கருவாடு காயப் போட்டாள். ஏழு வருஷம் இப்படியே ஓடியது. நான் அவர் கண்ணில் படாமல் பஸ்ஸின் பின்பக்கம் போய் நின்றுகொள்வேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது, பிறகு சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் படிப்பகத்தில், எங்கள் மாநிலத்தின் பேரில் ‘பேராக் தமிழர் கலைக்களஞ்சியம்’ போடுவது என்று தீர்மானம் ஆனது. தலைவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். வேலையை விட்டாலும் கொடியை விடவில்லை. பிடித்த பதிவுக்குப் பச்சை மையில் கையெழுத்து, பிடிக்காததற்குச் சிவப்பு மையில் ஒரு கோடு. தமிழ் டைப்ரைட்டர் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் குழுவில் எனக்கும் ஒரு நாற்காலி. ஒவ்வொரு ஞாயிறும் உளுந்துவடையும் கோப்பியுமாகக் கூடுவோம்.

பச்சை மை யார் யாருக்குக் கிடைத்தது என்று கேளுங்கள். சிலிம் ரிவர் பக்கம் ஒருத்தர் பூசணிக்காய்ப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவர். அவருக்கு அரைப் பக்கம். ஒரே மூச்சில் இருபத்திரண்டு இட்லி சாப்பிட்டவருக்குப் படத்தோடு ஒரு பக்கம். எங்கள் வட்டாரத்தில் முதன்முதலாக ஐஸ்பெட்டி வாங்கிய தமிழருக்கு ஒரு பக்கம், அந்த ஐஸ்பெட்டியின் படத்துக்குத் தனியாக ஒரு பக்கம். இதையெல்லாம் என் கையால் அடித்துக் கொடுத்த பிறகு, மெதுவாக அத்தானுக்கு நாலு வரி அடித்து நீட்டினேன். தலைவர் வாசித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“உது சரிவராது பிள்ளை. வெண்ட ஆக்களுக்கே இடம் காணாது. தோத்த ஆக்களையும் போட வெளிக்கிட்டா, இந்தப் புத்தகத்தைத் தூக்க நாலு பேர் வேணும்.”

“பூசணிக்கா மூணாவதா வந்துச்சே, அது தோக்கலையாங்கய்யா?”

“அது பரிசு. உவர் எடுத்தது என்ன?”

“அறுபத்து மூணு ஓட்டு எடுத்தாரு.”

“தேர்தலிலை நிண்டது ஒரு சம்பவம். சம்பவத்தைப் போடலாம், ஆளைப் போடேலாது.”

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. “ஆளு இல்லாம எப்பிடிங்கய்யா சம்பவம் நடக்கும்? அந்தச் சாவி தானா நடந்து போயி நின்னுச்சா?” என்று கேட்டேன். ஒருத்தர் வாயிலிருந்த வடை வெளியே வந்துவிட்டது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. “நீர் அவற்ற மச்சாள். உம்மட வாய் இதுக்குள்ள செல்லாது. சொந்தக்காரர் இல்லாத மூண்டு பேரிட்ட எழுத்தில வாங்கிக்கொண்டு வாரும். அந்தாள் நிண்டதால இந்த நாட்டிலை ஏதோ ஒண்டு மாறினதெண்டு அவை எழுதோணும். வந்தா போடுவம்,” என்றார்.

சரிதான் போய்யா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, மறுநாளே ஒட்டுக்கடை வாசலில் ஒரு பிஸ்கட் டின் வைத்தேன். அத்தானைப் பற்றித் தெரிந்ததை எழுதிப் போடுங்கள் என்று ஓர் அட்டையும் எழுதி ஒட்டினேன். யார் போடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான். ஓட்டே போடாதவர்கள் கடிதமா போடப்போகிறார்கள்?

முதல் கடிதம் நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோறு, விற்கிற அக்காவுடையது. ‘நான் அண்ணனுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். மூணு பஸ் மாறி ஹுத்தான் மெலிந்தாங் போயிப் போட்டேன். பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கிட்டே போயிப் போட்டேன். ஆனா அண்ணன் ஏன் எங்கூடப் பேச மாட்றாருன்னு தெரியல.’

மூன்று தரம் வாசித்தேன். ஹுத்தான் மெலிந்தாங்கா? அது கடலோரம், எங்கேயோ இருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் ஓடினேன்.

“என்னாக்கா இது? அங்க ஏன் போனீங்க?”

“ஐ.சி. கார்டுல தோட்டத்து அட்ரஸ்தானே இருக்கு? எங்க பேரு அங்கதானே பதிஞ்சிருக்கு? அங்கதானே போடணும்?”

“அங்க போட்டா இங்க எப்பிடிக்கா வந்து சேரும்?”

“ஏன், தபால் வரல? தந்தி வரல? ஓட்டு மட்டும் வராதா? சாவி சாவின்னு பாத்துப் பிரிச்சு அனுப்புவாங்கன்னுதான் நெனச்சோம்.”

“அங்க சாவி இருந்துச்சா?”

“இருந்துச்சே! அந்த ஊருலயும் நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. போட்டோ மட்டும் அண்ணன் மாதிரி இல்ல. தாடி வச்சு, தொப்பி போட்டு, படகுல நின்னாரு. எலெக்‌ஷனுக்காக வேசம் கட்டியிருக்காருன்னு நெனச்சோம்.”

சுயேச்சைச் சின்னம் ஒன்றையே வெவ்வேறு தொகுதியில் வெவ்வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே சாவிச் சின்னத்தில் நின்றவர் யாரோ ஒரு மலாய்க்காரர், மீன் பிடிக்கிறவர். தனக்கு இத்தனை தமிழர் ஓட்டு எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அந்த மனுஷன் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருப்பார்.

பிறகு டின் நிரம்பியது. கட்டட வேலைக்காரர் ஒருத்தர் சிலிம் ரிவர் போய்ப் போட்டவர். ‘சீட்டுல சாவி இல்ல. எங்களுக்கு அண்ணன விட மனசில்ல. அதனால நானே ஒரு சாவி வரைஞ்சு, மூணு பல்லு வச்சு, அது மேல கிராஸ் போட்டேன். எம் பொஞ்சாதிக்கு வரைய வராது. அதனால சீட்டுல நம்ம வீட்டுச் சாவிய வச்சு சுத்திக் கோடு போட்டுச்சு.’ இன்னொருத்தர் பழைய தோட்டத்துக்குப் போய், மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவரிடம் சண்டை போட்டு, அந்தக் களைப்பில் இரண்டு நாள் அங்கேயே படுத்துவிட்டு வந்திருக்கிறார். எல்லார் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான். அண்ணன் ஏன் எங்களோடு பேசுவதில்லை? எங்கள் ஓட்டு வழியில் தொலைந்துபோனதற்கு எங்கள் மேல் கோபமா? ஏழு வருஷமாக அவர்களும் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால், பெட்டியில் விழுந்த ஓட்டைவிட டின்னில் விழுந்த கடிதம் அதிகம்.

மேசைக் காலுக்கடியில் இருந்த பட்டியலை ஒரே ஒரு தரம் திறந்து பார்த்திருந்தால், எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் பெயர் அதில் இல்லை என்று தெரிந்திருக்கும். காரியதரிசி அம்மா நான்தான். என்னை எதால் அடிக்கலாம், சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை டின்னோடு போய்த் தலைவர் முன்னால் கொட்டினேன். ஒவ்வொன்றாக வாசித்தார். வீட்டுச் சாவியை வைத்துக் கோடு போட்ட கடிதம் வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. “ஐயோ ஐயோ, சனம் ஏறினது சரியான ரயில், இறங்கினது பிழையான ஸ்டேசன்!” என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, “பிள்ளை, இந்த மனுசன் நிண்டதால அவற்ற தொகுதியில ஒண்டும் மாறேல்லை. ஆனா ரெண்டு வெளியூர்த் தொகுதி கலங்கிப்போச்சு. இப்பிடி ஒரு ஆளை நான் கேள்விப்பட்டதே இல்லை. அரைப் பக்கம் குடுப்பம்,” என்று பச்சைப் பேனாவைத் திறந்தார். “முன்மொழிஞ்ச ஆள், வழிமொழிஞ்ச ஆள் ரெண்டு பேரையும் போடும். முழு விபரம் வேணும்,” என்றும் சொன்னார். நான் கையிலிருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பின்கட்டில், கருவாட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்தச் சாவி மேலேயே அத்தானை உட்கார வைத்துக் கடிதங்களை வாசித்தேன். முதல் நாலைந்துக்கு அசையவில்லை. சிலிம் ரிவர் கடிதத்தை மட்டும் கையில் வாங்கி, அந்த ஆள் திரும்பவும் வரைந்து காட்டியிருந்த சாவியை விரலால் தடவிப் பார்த்தார்.

“அப்ப, யாரும் ஏமாத்தல?”

“இல்லத்தான். முட்டாத்தனம் பண்ணியிருக்காங்க. ஏமாத்தல.”

ஏழு வருஷம் கழித்து அந்த மனுஷன் அழுததையும் பார்த்தேன், சிரித்ததையும் பார்த்தேன், இரண்டும் ஒன்றாகவே வந்தது. அக்கா ஓடி வந்து, “என்னாச்சு, கருவாடு குத்திருச்சா?” என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினால், “நாசி லெமாக் அக்கா! மூணு பஸ்ஸு மாறுனீங்களாமே! உள்ள போங்க, பின்னால எடம் இருக்கு!” பஸ்ஸே ஆடிப்போயிற்று. மீன்காரம்மா வீட்டு வாசலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அந்த அம்மா இறங்க மறந்து நின்றுகொண்டே அழுதார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் அத்தானுக்கு இப்போது புது வெறி பிடித்தது. வெளியூர்க்காரர்கள் கணக்கு தெரிந்துவிட்டது, சரி. அப்படியானால் இங்கே பெட்டியில் போட்ட அந்த அறுபத்து மூன்று புண்ணியவான்கள் யார்? அவர்கள் பெயரையும் கலைக்களஞ்சியத்தில் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். டிக்கெட்டுக்குப் பின்புறத்தில் பெயர் எழுத ஆரம்பித்தார். அவர், அக்கா, முன்மொழிந்த தையல்காரர், வழிமொழிந்த நான், அப்புறம் ஊரிலேயே பிறந்து பதிந்தவர்கள். ஒவ்வொருத்தராகக் கேட்டுக் கேட்டு எழுதினார். ஒரு புதன்கிழமை முகம் வெளிறி வந்தார்.

“புள்ள, அறுபத்து நாலு வருது.”

“இன்னொரு தரம் எண்ணுங்க.”

“நாலு தரம் எண்ணிட்டேன். அறுபத்து நாலு பேரு போட்டேங்கிறாங்க, பெட்டியில அறுபத்து மூணு. ஒரு ஆளு பொய்யி.”

யார் அந்த ஆள் என்று இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, ஆட்டுக்கறிக் கடைக்காரரைப் பிடித்தார். ஆதாரம்? தேர்தலுக்கு அடுத்த வாரம் அவர் போட்ட கறியில் எலும்பு அதிகமாம். கறிக்கடைக்காரர் கேட்டதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தார். “எம் மேலயா சந்தேகம்? வெள்ளிக்கிழமை கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்றேன்! ஒரு கையி இல்ல, ரெண்டு கையாலயும் அடிக்கிறேன்!” தெரு இரண்டாகப் பிரிந்தது. அத்தானுக்கு இப்போதுதான் திறந்த வாய், மறுபடி மூடிக்கொள்ளப் போகிறது. இந்தத் தடவை யாரும் பஸ் ஏறித் தப்பான ஊருக்குப் போகவில்லை. காரணம் நான்.

ஆமாம், அந்த ஒன்று நான்தான். வழிமொழிந்த மகராசி. சொன்னால் வெட்கம், அன்றைக்கு ஓட்டுச் சாவடிக்குள் போய்ப் பென்சிலை எடுத்தபோது, மழையில் நனைந்து தண்ணீர் வாங்கிக் குடித்த எதிர்த்து நின்ற அந்த மனுஷன் முகம் கண் முன்னால் வந்து நின்றது. தெருவே சாவி குத்தியிருக்கிறது, அத்தான் எப்படியும் அள்ளிக்கொண்டு போகப்போகிறார், இந்தப் பாவத்துக்கு ஒரு ஓட்டாவது விழட்டும் என்று அவருக்குப் போட்டுவிட்டு வந்தேன். அந்தப் பாவப்பட்டவர்தான் ஆயிரக்கணக்கில் ஜெயித்து, எல்லாரும் ஒய்.பி. என்று கூப்பிடுகிற சட்டமன்ற உறுப்பினர் ஆனார். என் ஒன்று சாவிக்கு விழுந்திருந்தால் அறுபத்து நாலு. நாயன்மார் என்ற பேச்சே எழுந்திருக்காது. ஆய கலைகள் அறுபத்து நாலு என்று கேலி பண்ணுகிற அளவுக்கு எங்கள் ஆட்கள் படித்தவர்கள் இல்லை. அந்தப் பெயரை அவருக்கு நான்தான் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் நிற்க இடமில்லை. சத்தியம் பார்க்கத் தெருவே, கூரை உள்ள முந்தின ஸ்டாப்பிலேயே போய் ஏறியிருந்தது. கறிக்கடைக்காரர் முன் சீட்டில், குளித்து விபூதி பூசி, மடியில் ஒரு பொட்டலம் சூடத்தோடு முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தான் அவருக்கு மட்டும் பேசாமல் டிக்கெட் கிழித்தார். வெளியே மழை ஊற்றியது. எனக்கு முன்னால் வந்து, “உள்ள போ புள்ள, பின்னால…” என்று ஆரம்பித்தார்.

“அத்தான், அந்த ஒண்ணு நான்.”

“எந்த ஒண்ணு?”

“அறுபத்து நாலாவது. நான் சாவிக்குப் போடல.”

கறிக்கடைக்காரர் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தையும் சொன்னேன். நனைந்து வந்தார், தண்ணீர் கேட்டார், பாவமாக இருந்தது.

“யாரு பாவம்? ஜெயிச்சவரா?” என்றார் அத்தான்.

“அப்ப தெரியாதுல்ல…”

அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கையை உயர்த்தி மணிக்கயிற்றை இழுத்தார். பஸ் நின்றது. எட்டிப் பார்த்தேன். எங்கள் தெரு முனை. அந்தக் கம்பம், அந்தத் தகரம். கோயிலுக்கு இன்னும் நாலு ஸ்டாப் இருந்தது.

“எறங்கு.”

“அத்தான், மழை…”

“அதனால என்னா? ஓட்டுப் போட்டியே, ஒன் ஒய்.பி. இந்த ஏழு வருசத்துல கூரை போட்டிருப்பாரு லா. அதுக்கடியில நனையாம நில்லு.”

முதலில் சிரித்தது கறிக்கடைக்காரர். சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த சூடம் எல்லாம் உருண்டு ஓடியது. பிறகு பஸ் பூராவும் சிரித்தது. நான் இறங்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே நிமிஷத்தில் தலையிலிருந்து கால்வரை ஊறிவிட்டேன், அழுதது வெளியே தெரியாத அளவுக்கு. பஸ் நகர்ந்தது. அத்தான் கறிக்கடைக்காரர் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, படிக்கட்டில் இருந்து தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே கத்தினார்.

“உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால எடம் இருக்கு!”

நான் இறங்கிவிட்டதால், அன்றைக்கு மட்டும் அது உண்மை.